சேன் எல்மிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்

ஸ்வான்டன், வெர்மான்ட்
1837 டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். எல்லையைத் தாண்டி வெர்மான்டுக்கு வந்து ஆறு நாளாயிற்று. இடது கால் விரல்கள் உறைந்து கறுத்திருந்தன. இப்போது தொட்டால் வலிக்கிறது, வலித்தால் பிழைத்துவிடும் என்கிறார்கள். சட்டசபை உறுப்பினர் நோட்டரி லெயாந்தர் வையான்கூர் ஒரு லாயத்து மாடியில் குதிரைப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது தெரிந்தால் இங்கிலீஷ் கவர்னர் துரை மகிழ்ந்துபோவார்.

சண்டை நடந்த அன்று காலை பத்து மணிக்கு நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். மூன்று காதம் வந்த பிறகும் வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. யார் யார் இறந்தார்கள்? மறைக்காமல் எழுதுங்கள். அத்தான் எப்படி இருக்கிறார்?

இதைக் கொண்டுவருகிற ஹைரம் ஊசியும் நூலும் தகர டப்பாவும் விற்கிறவன். நம்பலாம். பதிலை அவனிடமே கொடுங்கள். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராதிருக்க தேவமாதாவை மன்றாடுகிற
தம்பி லெயாந்தர்


சேன் எல்ம்
1838 ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு, அக்கா உர்சூல் எழுதுவது.

உன் கடிதம் கையில் கிடைத்தது. எனக்கும் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடுதான் இல்லை. சிவப்புச் சட்டை இங்கிலீஷ் சிப்பாய்கள் இரண்டாம் முறை வந்தபோது ஆற்றங்கரைத் தெரு முழுவதையும் கொளுத்திவிட்டார்கள். மாட்டுக்கொட்டகையில் அடுப்புப் போட்டு இருக்கிறோம். பசுவின் மூச்சுச் சூட்டில் தூக்கம் வருகிறது.

மறைக்காதே என்றாய். ஒன்பது பேர். தச்சர் குடும்பத்தில் மட்டும் இரண்டு பேர், தகப்பனும் மகனும். கலகக்காரர்களுக்கு மந்திரித்த மண் கிடையாது என்று ஆயர் உத்தரவு. கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தோம். பங்குச் சாமியார் அழுதார். ஆனால் உத்தரவை மீறவில்லை.

உன்னைப் பற்றியும் பேசுகிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது நம் ஊர்ப் படையை நடத்திய மக்லுவார் கேப்டன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நோட்டரி ஐயா குதிரை நல்ல ஜாதிக் குதிரைப்பா. நாங்க வெடிமருந்தத் தேடி எடுக்கறதுக்குள்ள அது எல்லையத் தாண்டிருச்சே!"

அத்தான் விடவில்லை. "சேணம் கட்டினவன் நான். போகச் சொன்னது கமிட்டி. தலைவரு மாட்டிக்கிட்டா நாளைக்குப் பேச ஆள் வேணாமா? எங்கிட்ட கேளு, நான் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு, அதாவது கொட்டகைக்கு, வந்ததும் கேட்டேன். "கமிட்டி சொல்லுச்சா, இல்ல அவனாவே குதிரை கேட்டானா?" அவர் விறகு எடுத்துவரப் போய்விட்டார்.

காலைப் பார்த்துக்கொள். ஈரக் காலுறையோடு படுக்காதே.
சர்வேசுரன் உன்னைக் காப்பாராக.
உர்சூல்


ஸ்வான்டன்
1838 ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு தாமதம். கால் தேறிவிட்டது. அங்கே எல்லோரும் சுகம்தானே?

களைப்பாக இருக்கிறது அக்கா. பதினோரு வருஷம் சபையில் பேசினேன். எங்கள் ஜனங்கள் கட்டும் வரியை எங்களைக் கேட்டுச் செலவழியுங்கள் என்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினேன். லண்டனுக்கு மனு போட்டோம். மூன்று வருஷம் கழித்து முடியாது என்று பதில் வந்தது. இங்கிலீஷ் துணி வேண்டாம் என்று நீங்கள் நெய்து கொடுத்த முரட்டுக் கோட்டோடு சபைக்குப் போனேன், சிரித்தார்கள். இப்போது நான் திரும்பி வந்தால் மரண தண்டனை என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கே எங்கள் கமிட்டியில் பன்னிரண்டு பேர். தினமும் சண்டை.

ஆனால் ஒரு காரியம் நடக்கிறது. சத்தியம் செய்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில் மறுபடி கிளர்ந்தெழுவது என்று முடிவு. எல்லைக்கு இந்தப் பக்கம் துப்பாக்கிகள் சேர்ந்திருக்கின்றன. எந்த ஊரில் எத்தனை பேர் நிச்சயம் என்று தெரிந்தால்தான் பங்கிட்டு அனுப்ப முடியும். நம் ஊர்க் கணக்கு அத்தானுக்குத் தெரியும். அவருக்கு எழுத வராது. நீங்கள் கேட்டு எழுதுங்கள். எண்ணிக்கை மட்டும் போதும்.

உங்கள் ஆசியை வேண்டும்
லெயாந்தர்


சேன் எல்ம்
1838 செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். கோதுமையில் இந்த வருஷமும் பூச்சி. உருளைக்கிழங்கு பரவாயில்லை. பழைய அடித்தளத்தின் மேல் ஒரே ஒரு அறை கட்டி முடித்திருக்கிறோம். கூரை ஒழுகுகிறது, ஆனாலும் கூரை. கொல்லர் அன்செல்முக்குக் கல்யாணமாகிவிட்டது. பெண் டெலிமா, பதினெட்டு வயது, வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அவன் உலைக்களத்துச் சத்தமே கேட்பதில்லை என்று ஊர் சிரிக்கிறது.

நீ கேட்டதை உன் அத்தானிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அதைப் பற்றி எழுதுமுன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த முறை நீ அவர்களுக்கு முன்னால் நிற்பாயா? எல்லையைத் தாண்டி இங்கே வந்து, ஆற்றங்கரையில், அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்?

ஹைரம் அவசரப்படுகிறான். பதில் எழுது.
உர்சூல்


ஸ்வான்டன்
1838 அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். கோதுமை போனதற்கு வருந்துகிறேன். கூரைக்கு தேவதாரு மர ஓடு அடிக்கச் சொல்லுங்கள், பிர்ச் மரப்பட்டை ஒரு மழைக்குத்தான் தாங்கும். அன்செல்முக்கும் டெலிமாவுக்கும் என் வாழ்த்து. இங்கே இப்போதே பனி விழுகிறது. தொண்டை கட்டியிருக்கிறது, தேன் குடிக்கிறேன்.

எண்ணிக்கையை உடனே அனுப்புங்கள். இருபதாம் தேதி பங்கீடு.

அன்புடன்
லெயாந்தர்


சேன் எல்ம்
1838 அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

எழுதிக்கொள். சேன் எல்மிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். சத்தியம் செய்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். உன் அத்தானும் வரமாட்டார். துப்பாக்கி அனுப்ப வேண்டாம்.

தொண்டைக்கு மிளகு போட்டுக் கொதிக்க வைத்துக் குடி.
உர்சூல்


ஸ்வான்டன்
1838 நவம்பர் 29

அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமென்று நம்புகிறேன்.

எல்லாம் ஆறு நாளில் முடிந்துவிட்டது. உங்களுக்கே தெரிந்திருக்கும். கமிட்டியில் எழுந்து நின்று, என் சொந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நானே சொன்னேன். அறையில் இருந்த மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள். நமக்கு வைத்திருந்த எண்பது துப்பாக்கியும் வேறு ஊர்களுக்குப் போயின. அந்த ஊர்களில் பாதிப் பேர் இப்போது மொன்றியால் சிறையில்.

யாருக்காகத் தொண்டை கட்டப் பேசினேன் அக்கா? என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள்தானே? ஒருவன்கூடவா இல்லை? மக்லுவார், தச்சர் வீட்டுப் பையன்கள், அத்தான்? ஒன்பது பேரைப் புதைத்த ஊர் ஒரே வருஷத்தில் அடங்கிப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

இனி அந்த ஊரைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

லெயாந்தர்


சேன் எல்ம்
1839 பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அத்தானுக்கு வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. விறகு வெட்டப் போன இடத்தில் பனியில் நின்றுவிட்டார். ஊன்றுகோலோடு நடக்கிறார். முன்பைவிட அதிகமாக எரிந்து விழுகிறார், ஆகவே தேறிவருகிறார்.

ஊரைப் பற்றி எழுதாதே என்றாய். ஒன்று மட்டும். அன்செல்மைப் பிடித்துவிட்டார்கள். எல்லைக்குப் பக்கத்தில், கையில் வாத்து சுடுகிற துப்பாக்கியோடு. தூக்கு என்று தீர்ப்பாகி, பிறகு மாற்றி, கப்பலேற்றி உலகத்தின் அடியிலுள்ள தீவுக்கு அனுப்பப்போகிறார்களாம். டெலிமாவுக்கு ஐந்து மாதம். இப்போது அவள் பேசுவதில்லை.

காலுறை இரண்டு ஜோடி ஹைரமிடம் கொடுத்திருக்கிறேன்.
சர்வேசுரன் உன்னோடு இருப்பாராக.
உர்சூல்


பர்லிங்டன், வெர்மான்ட்
1844 அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. முடி முழுவதும் நரைத்துவிட்டது. மற்றபடி சுகம். இங்கே பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறேன். அந்தப் பெண்கள் என்னை "மிஸ்டர் வேலன்" என்று கூப்பிடுகிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

அரசாங்கம் என் மேலிருந்த வழக்கைக் கைவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. நான் திரும்பி வரலாமாம். இரண்டு வாரமாக அந்தக் கடிதம் அலமாரியில் கிடக்கிறது. எங்கே வருவது? எழுபது வயதில் சாவதற்கு அந்த ஊர் வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது. ஆனால் காலையில் எழுந்திருக்கும்போது எழுபது. என்னை விட்டுவிட்டவர்களின் முகத்தில் போய் விழிக்க மனம் வரவில்லை.

அத்தானின் கால் எப்படி? பதில் எழுதுங்கள். இப்போது தபாலிலேயே போடலாம், யாரும் பிரிப்பதில்லை. படிக்கத்தக்க ஒன்றும் நம்மிடம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

லெயாந்தர்


சேன் எல்ம்
1845 பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கும்போதே இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும். உட்கார்ந்து படி.

போன மாதம் அன்செல்ம் திரும்பி வந்தான். மன்னிப்புக் கிடைத்து, ஆறு மாதம் கப்பலில் வந்திருக்கிறான். அவனுக்கு முப்பத்தைந்து வயது. பார்த்தால் நம் அப்பா வயது சொல்வார்கள். ஐந்தரை வயது மகளுக்கு அவனைக் கண்டு பயம். இந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் நின்று அவன் பேசினான்.

"நாம நூத்தி நாப்பத்து மூணு பேரு மேட்டுக் காட்டுல, மரச்சாறுல சர்க்கரை காய்ச்சுற கொட்டகைகிட்ட, ரெண்டு நாள் பனியில கெடந்தோம். துப்பாக்கி வரும், நோட்டரி ஐயா வருவாருன்னு. வந்துச்சா? கப்பல்ல என்கூட ஒருத்தன் இருந்தான். அந்தக் கமிட்டியில எழுத்து வேலை பாத்தவன். அவன் சொல்றான், உங்க ஊரு ஐயாதான் எழுந்து நின்னு, சேன் எல்ம்ல ஒருத்தனும் வரமாட்டான்னு சொன்னாருன்னு. நாம இங்க வெறச்சிக்கிட்டுக் கெடக்கோம், அவரு அங்க அடுப்புப் பக்கம் உக்காந்து நம்மள இல்லன்னு சொல்லியிருக்காரு!"

மக்லுவார் காறித் துப்பினார். "ரெண்டாவது தடவையும் வித்துட்டானா?"

தம்பி, நீ விற்கவில்லை. நான் எழுதியதை நீ சொன்னாய்.

நீ எண்ணிக்கை கேட்டபோது உன் அத்தான் என்னிடம் சொன்னது: "நூத்தி நாப்பத்து மூணுன்னு எழுது. எல்லாம் கெட்டியான ஆளு." எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். எழுதவில்லை. நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ கூரைக்கு எந்த ஓடு நல்லது என்று எழுதினாய். தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதினாய். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நான்கு முறை தேடினேன். அப்புறம் ஒன்பது புதைகுழிக்குப் பக்கத்தில் எத்தனை குழிக்கு இடம் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பொய்யை எழுதினேன்.

அவருடைய கால்விரல்கள் விறகு வெட்டப் போய்ப் போகவில்லை. அந்தக் காட்டில்தான் போயின. துப்பாக்கி வராது என்று தெரிந்ததும் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்செல்ம் மட்டும் வாத்துத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லையை நோக்கித் தனியாக நடந்தான்.

ஆறு வருஷமாக அவர்கள் உன்னைத் திட்டினார்கள். நீ அவர்களைத் திட்டினாய். இரண்டு பக்கத் திட்டையும் நான் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருவனும் சாகவில்லை, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெலிமாவைப் பார்க்கும்போது அது போதவில்லை.

இதை ஊரில் சொல்லப்போகிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முதலில் உனக்கு எழுதினேன்.

உர்சூல்


பர்லிங்டன்
1845 மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

யாரிடமும் சொல்ல வேண்டாம். சத்தியமாகக் கேட்கிறேன். அவர்கள் நினைப்பதையே நினைத்துக்கொண்டு இருக்கட்டும். நான் தூரத்தில் இருக்கிறேன், எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் அவர்கள் நடுவில் வாழ வேண்டும்.

உங்கள் மேல் கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. வகுப்பில் ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் அதட்டினேன். அப்புறம் வடிந்துவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நின்றிருக்க மாட்டேன். எல்லைக்கு இந்தப் பக்கமே இருந்து "முன்னேறுங்கள்" என்று ஒரு நல்ல அறிக்கை எழுதியிருப்பேன். எழுதியும் வைத்திருந்தேன், நல்ல மொழிநடை. முதல் சண்டையன்றும் கமிட்டி என்னைப் போகச் சொல்லவில்லை. நான்தான் குதிரை கேட்டேன். அத்தான் ஒன்றும் கேட்காமல் சேணம் கட்டினார்.

பதினோரு வருஷம் நான் பேசியது பொய்யில்லை அக்கா. அந்த வரி, அந்த மனு, எல்லாம் நியாயம்தான். பேசியவனுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தது.

நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்களா? அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் உடம்பு பத்திரம்.
லெயாந்தர்


சேன் எல்ம்
1845 மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது. அதற்குள் சொல்லிவிட்டேன்.

மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கோயில் படியில் ஏலம் கூறுகிறவர் ஒரு பன்றிக்குட்டியை விற்றுவிட்டு இறங்கியதும் நான் ஏறினேன். பெண்பிள்ளை அந்தப் படியில் ஏறி அவர்கள் பார்த்ததில்லை, ஆகவே அமைதியாக இருந்தார்கள். உனக்கு எழுதியது போலவே சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை.

மக்லுவார் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் வீட்டம்மா, புருஷனையும் மூத்த மகனையும் புதைத்தவள், தன் மற்ற இரண்டு மகன்களின் கையையும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவ்வளவுதான், நின்றாள். அன்செல்ம் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். டெலிமா மட்டும் திரும்பி, "ஆறு வருஷம், உர்சூல் அக்கா" என்றாள்.

உன் அத்தான் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இருபத்தைந்து நாள். எதுவானாலும் பசுவிடம் சொல்வார், நான் கேட்டுச் செய்வேன். உன் கடிதத்தை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்று காலை மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "பேனாவ எடு. உன் தம்பிக்கு எழுதணும். நான் சொல்றத சொல்றபடி எழுது. போன தடவ மாதிரி இல்ல" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

மாப்ள, பிரோஸ்பேர் பேசறேன். நல்லா இருக்கியா? கால் பரவால்ல, மழைக்கு முன்னாடி குத்தும். குதிரை நீதான் கேட்டன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுதான் கட்டினேன். அத விடு. நான் இவமேல கோவமா இருக்கேன். எங்கிட்ட மறச்சிட்டா. ஆனா ஒண்ணு சொல்லணும், அத இவளும் கேக்கட்டும்.

ரெண்டாம் நாள் விடியற நேரம். துப்பாக்கி வராதுடான்னு மக்லுவார் வந்து சொன்னாரு. எல்லாரும் உன்னத் திட்ட ஆரம்பிச்சோம். நான்தான் ரொம்ப சத்தமாத் திட்டினேன். ஆனா திட்டறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டேன் மாப்ள. அப்பாடான்னு. பக்கத்துல கெடந்தவனும் விட்டான். அந்தப் பனியில மூச்சு வெள்ளையாத் தெரியும்ல? அந்தக் காட்டுல இருந்த அத்தனை பேரு மூச்சும் ஒண்ணாப் பொகைஞ்சு மேல போச்சு. எல்லாரும் பாத்தோம். யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல. ஆறு வருஷமா ஒருத்தனும் இதச் சொன்னதில்ல. அத மறைக்கத்தான் உன்ன அவ்வளவு திட்டினோம்.

அன்செல்ம் மட்டும் அந்த மூச்ச விடல. எங்களை ஒரு தடவ பாத்தான், கெளம்பிட்டான். அவன் முன்னாடி நிக்கத்தான் எனக்கு வெக்கம். உங்க அக்கா முன்னாடி இல்ல.

வா மாப்ள. ஏப்ரல் கடைசியில ஆத்துல ஐஸ் ஒடஞ்சிரும். மேளதாளமெல்லாம் கெடையாது. சில பேரு மூஞ்சியத் திருப்புவான், திருப்பட்டும். வந்தொடனே அன்செல்ம் வீட்டுக்குப் போவணும். நானும் வரேன். கதவு தொறப்பானான்னு தெரியாது. தொறக்காட்டி வெளியவே நிப்போம், ரெண்டு பேரும். முடிஞ்சுது. கையெழுத்து நான் போடறேன், குடு.

அவர் சிலுவைக் குறி போட்டிருக்கிறார், கீழே. மை கொஞ்சம் சிந்திவிட்டது. பேனாவை வைத்துவிட்டு, பட்டாணி சூப் சூடாக இருக்கிறதா என்று கேட்கிறார். என்னிடம்தான் கேட்கிறார். எழுந்து போகிறேன்.

உர்சூல்